மதகில் நான் அடைத்த ஓட்டை

படகுத்துறையில் புதிதாகச் சேர்ந்திருக்கும் தம்பிகள் இருவருக்கும், அந்த ஒரு தங்கச்சிக்கும்.

போன ஞாயிற்றுக்கிழமை போளூரில் என் வீட்டைத் தேடிக் கண்டுபிடித்து வந்தீர்கள். ஒரு கிலோ ஆப்பிள் வாங்கி வந்தீர்கள். எனக்குப் பல் இருக்கிறதா என்று மூன்று பேரில் ஒருவரும் யோசிக்கவில்லை, போகட்டும். "அந்தக் காலத்துல போட்டிங் எப்படி ஆரம்பிச்சது, சொல்லுங்க சார்" என்று கேட்டீர்கள். ஏரியை நினைத்ததும் நான் பேச்சை விட்டுவிட்டு ஜன்னலையே பார்த்துக்கொண்டிருந்தேன். கிழவன் தூங்கிவிட்டான் என்று நினைத்திருப்பீர்கள். தூங்கவில்லை. அது என் பழைய வியாதி.

கிளம்பும்போது வாசலில் செருப்பு மாட்டிக்கொண்டே உங்களில் ஒருவர் சொன்னார்: "மதகு ஒழுகுது சார். எந்நேரமும் தண்ணி வீணாப் போய்ட்டிருக்கு. சிமென்ட் கேட்டு எழுதிட்டோம், வர்ற வாரம் அடச்சிடுவோம்."

நான் எழுந்து தெருவுக்கு வருவதற்குள் உங்கள் வண்டி முனை திரும்பிவிட்டது. போனில் சொல்லலாம்தான். போனில் சொன்னால் "சரிங்க சார்" என்பீர்கள், அதோடு விஷயம் முடிந்துவிடும். அதனால் உட்கார்ந்து எழுதுகிறேன். சிமென்ட் மூட்டையைப் பிரிப்பதற்கு முன் இதைப் படித்துவிடுங்கள். அந்த ஓட்டையை ஒருமுறை அடைத்தவன் நான்.

எழுபதுகளின் கடைசியில் ஜவ்வாது மலைக்குப் படகு வந்தது. அதற்கு முன்னால் அந்த ஏரியைப் பார்ப்பதற்கென்று யாரும் மலை ஏறியதில்லை. புளி ஏற்றப் போன லாரிக்காரர்களும், சாமை வாங்கப் போன வியாபாரிகளும் முகம் கழுவிக்கொண்டு போவார்கள், அவ்வளவுதான். ஏரி என்பது கழனிக்குத் தண்ணீர். பிறகு மேலே எங்கோ ஆபீசில் யாருக்கோ தோன்றியிருக்கிறது, இங்கே படகு விட்டால் ஜனம் வரும் என்று. துடுப்புப் படகு இரண்டு, மிதிக்கிற படகு ஒன்று, லாரியில் கயிறு கட்டி ஏற்றிக்கொண்டு வந்தோம். நான் செங்கம் பக்கம் ஓர் அணையில் பரிசலும் மரப்படகும் தள்ளிப் பழகியவன் என்பதால் என்னைத் தற்காலிகமாகப் போட்டார்கள். படகு இறக்கிய அன்று கீழ்ப்பக்கத்து ஊரே கரையில் நின்றது. மிதிக்கிற படகைச் சுற்றிச் சுற்றி வந்து பார்த்த ஒருவர், "இன்னாபா இது, தண்ணி மேல சைக்கிளா?" என்று கேட்டார். எல்லோரும் சிரித்தார்கள். எனக்கு ரோஷமாக இருந்தது.

அந்த முதல் மாதங்களை நினைத்தால் இன்றைக்கும் எனக்கு நெஞ்சு நிறைந்துவிடுகிறது. காலையில் எழுந்து வந்தால் ஏரி இருக்காது, பனிதான் இருக்கும். படகை அவிழ்த்து நாலு துடுப்புப் போட்டால் கரையும் மறைந்துவிடும். மேலே கீழே என்று ஒன்றும் இருக்காது. துடுப்பைத் தூக்கி வைத்துவிட்டு மல்லாந்து படுத்துக்கொள்வேன். எங்கேயோ மாட்டு மணி கேட்கும், எந்தப் பக்கம் என்று தெரியாது. அப்படியே ஒரு மணி நேரம் போய்விடும். வேலைக்குச் சம்பளம் கொடுக்கிறார்களே என்று சில நாள் கூச்சமாகக்கூட இருந்திருக்கிறது.

ஆனால் இந்தக் கனவு பிடித்த புத்திதான் என்னைக் கவிழ்த்தது. கவனமாகக் கேளுங்கள்.

படகு வந்த அடுத்த கோடையில் ஏரி வற்றத் தொடங்கியது. ஆனி மாதம் பெரிய அதிகாரி ஒருவர் பார்வையிட வருவதாகச் செய்தி வந்தது. அவர் வந்து பார்த்துச் சரி என்றால் படகுத்துறை நிலைக்கும், என் வேலையும் நிலைக்கும். இல்லையென்றால் படகை ஏற்றிக்கொண்டு போய்விடுவார்கள். என் மேற்பார்வையாளர் கீழிருந்து வந்து, படகுத்துறைக் கம்பத்தில் சிவப்புப் பெயின்ட்டால் ஒரு கோடு இழுத்தார். "தண்ணி இதுக்குக் கீழ எறங்குச்சுன்னா படகு சேத்துல உக்காந்துடும். அவர் வந்து போற வரைக்கும் மதகைத் தொறக்க விடாதே" என்றார்.

பிறகு ஊர்க்காரர்களை அழைத்துப் பேசினார். ஊர்ப் பெரியவர் நிறைய யோசித்துவிட்டு ஒப்புக்கொண்டார். அப்போது அவர் இன்னொன்றும் சொன்னார். அது என் காதில் விழுந்தது, புத்தியில் ஏறவில்லை. நான் அந்த நேரம் ஏரியின் ஓரத்தில் ஒரு வெள்ளைக் கொக்கு நிற்பதைப் பார்த்துக்கொண்டு, அந்த இடத்தில் தாமரை விட்டால் எப்படி இருக்கும் என்று யோசித்துக்கொண்டிருந்தேன். அவர் சொன்னது இதுதான்: "மதகை மூடிக்குங்க. எங்களுக்கு இப்போதிக்கி ஒழுகறதே போதும்."

மேற்பார்வையாளர் பஸ் ஏறிப் போனார். நான் தினமும் காலையில் கோட்டைப் பார்ப்பதும், தண்ணீர் அதை நோக்கி இறங்குவதைப் பார்ப்பதுமாக இருந்தேன். ஒருநாள் கரைமேல் நடக்கும்போது சத்தம் கேட்டது. மதகுக்கு வெளிப்பக்கம் எட்டிப் பார்த்தேன். கல் இடுக்கிலிருந்து மணிக்கட்டுக் கனத்துக்குத் தண்ணீர் ஓடிக்கொண்டிருந்தது.

எனக்கு வந்த கோபத்தைச் சொல்ல முடியாது. மரப்படகோடு பழகியவனுக்கு ஒழுகல்தான் முதல் எதிரி. படகில் பலகைக்கும் பலகைக்கும் நடுவே ஈரம் தெரிந்தாலே எனக்குச் சோறு இறங்காது. பஞ்சைத் தாரில் தோய்த்து உளியால் இடித்து இடித்து ஏற்றுவேன். என் படகில் உட்கார்ந்து யாருக்கும் கால் நனைந்ததில்லை, அது என் பெருமை. அந்தப் பெருமையோடு ஏரிக்குள் இறங்கினேன். மதகு ஓரத்தில் மார்பளவுத் தண்ணீர். உள்ளே கல்லில் ஓட்டை கைக்குத் தட்டுப்பட்டது. கோணி, தார்ப் பஞ்சு, மேலே ஓர் ஆப்பு. முழுகி முழுகி இரண்டு மணி நேரம் வேலை செய்தேன். கரையேறி வெளிப்பக்கம் போய்ப் பார்த்தேன், சொட்டுக்கூட வரவில்லை. தண்ணீர் போன கால்வாய் புளியமரங்களுக்குப் பின்னால் வளைந்து போயிற்று. அது எங்கே போகிறது என்று நான் கொஞ்ச தூரம் நடந்து பார்த்திருக்கலாம். நடக்கவில்லை. நேராகப் போய் டீ குடித்தேன்.

கோட்டுக்கு மேலே தண்ணீர் அப்படியே நின்றது. எட்டு நாள் நான் ராஜா மாதிரி நடந்தேன்.

அதற்குப் பிறகுதான் அந்த அம்மா வந்து நிற்க ஆரம்பித்தார். காலைப் பனியில், படகுத்துறைக்குக் கொஞ்சம் தள்ளி, புடவைத் தலைப்பைத் தோளைச் சுற்றிப் போர்த்திக்கொண்டு நிற்பார். என் வயதுதான் இருக்கும். பனி விலகியதும் போய்விடுவார். மறுநாளும் வந்தார். மூன்றாம் நாளும் வந்தார். ஒரு வார்த்தை பேசவில்லை. நான் என்ன நினைத்தேன் தெரியுமா? படகில் ஏறிப் பார்க்க ஆசை, கேட்க வெட்கம் என்று நினைத்தேன். சிரிக்காதீர்கள். நான் அப்படிப்பட்டவன்தான்.

மூன்றாம் நாள் நானே பக்கத்தில் போய், "போட்டுல ஏறணுமா? ஏறுங்கம்மா, டிக்கெட் வாணாம்" என்றேன்.

அவர் படகைப் பார்த்தார், ஏரியைப் பார்த்தார், பிறகு என்னைப் பார்த்தார். "மதகாண்ட இட்டுனு போவீங்களா?" என்று கேட்டார்.

பனிக்குள் துடுப்புப் போட்டேன். முன்பக்கம் அவர் நிமிர்ந்து உட்கார்ந்திருந்தார். இரண்டு ஆள் தூரத்தில்தான் இருந்தார், ஆனாலும் அவர் முகம் எனக்கு மங்கலாகத்தான் தெரிந்தது. பெயர் மங்கம்மா என்றார். வீட்டுக்காரர் மைசூர் பக்கம் காப்பித் தோட்டத்துக்கு வேலைக்குப் போயிருப்பதாகச் சொன்னார். எவ்வளவு அழகான காலை என்று நான் மனதுக்குள் நினைத்துக்கொண்டு வந்தேன். இதை எழுதவே இன்று வெட்கமாக இருக்கிறது.

மதகின் கல்தூண் பனியிலிருந்து வெளியே வந்தது. மங்கம்மா குனிந்து, தோள்வரை கையைத் தண்ணீருக்குள் விட்டார். கல்லைத் தடவிக்கொண்டே போனார். ஓரிடத்தில் கை நின்றது.

"யாரு சார் அடச்சது?"

"நான்தாம்மா. ஒழுகிச்சு, அடச்சேன்."

அவர் கையை எடுக்கவில்லை. என் ஆப்பைச் சுற்றி, தார்ப் பஞ்சின் ஓரத்தை விரலால் தடவிப் பார்த்தார். எங்காவது இடுக்கு இருக்கிறதா என்று தேடினார் போல. பிறகு மெதுவாகச் சொன்னார்:

"நல்லாத்தான் அடச்சிக்கீறீங்க."

கோபமே இல்லாமல் சொன்னார். வேலையை வேலையாகப் பார்த்துச் சொன்னார்.

"அது ஒழுகறது இல்ல சார். உட்டு வச்சது. மதகு கட்டுனப்பவே எங்க பாட்டனுங்க உட்டு வச்சது. ஊர்ல எட்டு வூட்டுக் கழனிக்கும் நாத்து ஒரே எடத்துலதான் உடுவோம். வருசத்துக்கு ஒரு வூடு முறை. மதகு மூடிக் கெடந்தாலும் அந்தத் தண்ணி நாத்துக்கு வந்துனே இருக்கும். இந்த வருசம் எங்க வூட்டு முறை."

"இத்தனை நாள் ஏன் சொல்லல?"

"மொதல்ல ஏரி வத்திப்போச்சு, அதான் வர்லேன்னு நெனச்சோம். மதகத் தொட மாட்டோம்னு ஆபீசருக்கு வாக்கு குடுத்துட்டாங்க. எறங்கிப் பாக்கலாம்னா, தண்ணில எறங்கக் கூடாதுன்னு நீங்கதான் பலகை வச்சீங்க. எருமை இட்டாந்தவங்கள அன்னிக்கு அந்தக் கத்து கத்துனீங்களே."

உண்மைதான். கத்தியவன் நான், பலகையில் எழுதியவனும் நான். என் எழுத்து அழகாக இருக்கும்.

படகை அங்கேயே கட்டிவிட்டு அவரோடு கால்வாய் வழியே நடந்தேன். புளியமரங்களைத் தாண்டியதும் நாற்றங்கால் தெரிந்தது. ஒரு பகுதி வைக்கோல் நிறத்துக்குப் போயிருந்தது. மற்றது நுனி சுருண்டு நின்றது. மண் விரல் நுழையும் அளவுக்கு வெடித்திருந்தது. நடுவில் குடத்தால் ஊற்றிய ஈரம் வட்டம் வட்டமாகத் தெரிந்தது. அந்த அம்மா ஒற்றை ஆளாகக் கிணற்றிலிருந்து சுமந்து ஊற்றியிருக்கிறார். எட்டு வீட்டுச் சோறு அவர் பொறுப்பில் இருந்தது.

"எத்தினி நாள் தாங்கும்?" என்று கேட்டேன்.

"இன்னிக்குத் தாங்கும். நாளைக்கு வெயில் அடிச்சா அல்லாம் போயிடும். இப்ப அடைப்ப எடுத்தாலும் காஞ்ச கால்வாயே குடிச்சிடும் சார். இங்க வந்து சேர ரெண்டு நாளாவும். மதகத் தொறந்தாத்தான் உண்டு."

அதிகாரி வருவது மறுநாள். மதகைத் திறந்தால் தண்ணீர் சிவப்புக் கோட்டுக்குக் கீழே போகும், படகுகள் சேற்றில் உட்காரும். கேட்கலாம் என்றால் மலையில் போன் கிடையாது, கீழே போக ஒரே பஸ், அதுவும் சாயங்காலம். திறக்காதே என்று எனக்கு உத்தரவு இருந்தது. ஊர்க்காரர்களோ வாக்குக் கொடுத்திருந்தார்கள். மங்கம்மா "திற" என்று ஒருமுறைகூடச் சொல்லவில்லை. நாற்றையே பார்த்துக்கொண்டு நின்றார்.

தம்பிகளே, தங்கச்சி, நெருக்கடி வந்தால் மூளை கூர்மையாகிவிடும் என்று பயிற்சி வகுப்பில் சொல்வார்கள். எனக்கு அப்படி ஒன்றும் ஆகவில்லை. பயமாக இருந்தது. வேலை போய்விடுமே என்ற பயம். அதோடு அந்தப் பனி, அந்தப் படகு, அந்தக் காலை நேரம் எல்லாம் என்னை விட்டுப் போய்விடுமே என்று அழுகை வந்தது. ஒரே ஒரு கணக்குத்தான் எனக்குப் புரிந்தது. படகு சேற்றில் உட்கார்ந்தால் மறுபடி தூக்கிவிடலாம். நாற்று படுத்தால் படுத்ததுதான்.

திரும்பி நடந்தேன். முதலில் முழுகி என் ஆப்பைப் பிடுங்கினேன். நானே அடித்ததுதான், ஆனாலும் வரமாட்டேன் என்று அடம் பிடித்தது. அதற்குள் ஊர்ப் பெரியவர் வந்துவிட்டார். "நாங்க தொட மாட்டோம் சார், வாக்கு" என்றார். "நீங்க தொட வாணாம். தொறக்கறது நான்" என்று சொல்லி மதகுக் கட்டையை நானே தூக்கினேன். கரைக்கு அடியில் தண்ணீர் இரைந்துகொண்டு போயிற்று. கால்வாய் ஓரமாக மங்கம்மா தண்ணீரோடு கூடவே ஓடினார்.

மதியம்வரை திறந்து வைத்தோம். நாற்றங்கால் நிறைந்தது. திரும்பிப் பார்த்தால் படகுத்துறைக்கு முன்னால் ஏரி இல்லை, கறுப்புச் சேறு பளபளவென்று கிடந்தது. மற்ற இரண்டு படகுகளும் அதில் சாய்ந்து உட்கார்ந்திருந்தன. யாரும் கூப்பிடாமலே எட்டு வீட்டு ஆட்களும் வந்தார்கள். கோணியும் தழையும் சேற்றில் போட்டு, இரண்டையும் ஆழமான மதகுப் பக்கத்துக்கு இழுத்தார்கள். அன்றைக்குச் சைக்கிளா என்று கேட்டவர்தான் மிதிபடகைத் தலையால் முட்டித் தள்ளினார்.

மறுநாள் அதிகாரி ஜீப்பில் வந்தார். மதகுக் கல்லில் கால் வைத்துப் படகில் ஏறினார். நான் துடுப்புப் போட்டேன். நடு ஏரியில், "செவப்புக் கோடு எங்கய்யா?" என்று கேட்டார். சேற்றில் நின்ற கம்பத்தைக் காட்டினேன். நடந்ததை ஒன்றுவிடாமல் சொன்னேன், ஓட்டையை அடைத்தது நான்தான் என்பதையும் சேர்த்து.

"யாரைக் கேட்டுத் தொறந்தே?"

"கேக்க ஆள் இல்லீங்க சார்."

அவரைக் கெட்ட மனிதர் என்று சொல்லமாட்டேன். ஏரியை ரொம்ப நேரம் பார்த்தார், இறங்கும்போது என் கையைப் பிடித்துக்கொண்டுதான் இறங்கினார். பத்து நாளில் உத்தரவு வந்தது. படகுத்துறை மூடப்பட்டது, என் வேலை நீட்டிக்கப்படவில்லை.

போளூர் மண்டியில் புளி மூட்டை தூக்கினேன். ஆடியில் மலையில் நல்ல மழை என்றார்கள், நாற்று நட்டாகிவிட்டது என்றார்கள். எனக்குச் சந்தோஷமாக இருந்தது, ஆனால் காலையில் எழுந்தால் பனி இருக்காது. அந்த ஏக்கத்தை என் வீட்டில்கூட யாரிடமும் சொன்னதில்லை.

தை பிறந்ததும் மேற்பார்வையாளர் மண்டிக்கே என்னைத் தேடி வந்தார். ஏரி நிறைந்துவிட்டது, மறுபடி படகு விடப் போகிறோம், இந்த முறை ஊரோடு பேசித்தான் கோடு போடணும் என்று மேலே சொல்லிவிட்டார்கள் என்றார். சொன்னது அந்த அதிகாரிதான் என்பது எனக்குப் பிற்பாடுதான் தெரிந்தது. மேற்பார்வையாளர் மலைக்குப் போய்ப் பேசியிருக்கிறார். ஊர்ப் பெரியவர் எல்லாவற்றுக்கும் தலையாட்டிவிட்டு மங்கம்மாவைப் பார்த்தாராம். மங்கம்மா சொன்னாராம்:

"கோடு போட்டுக்குங்க. ஆனா ஓட்டைய அடச்சாரே அவரு, அவருதான் வந்து அதுக்குக் காவல் இருக்கணும்."

இதை மேற்பார்வையாளர் சிரித்துக்கொண்டே சொன்னார். நான் புளி மூட்டைமேல் உட்கார்ந்து அழுதேன். சுற்றி இருந்தவர்கள் யாரோ செத்துவிட்டார்கள் என்று நினைத்தார்கள்.

ஓய்வு பெறும்வரை நான் அந்தக் காவலில்தான் இருந்தேன். படகு ஓட்டுவது, டிக்கெட் கொடுப்பது எல்லாம் இரண்டாவது வேலை. விடிந்ததும் முதலில் மதகுக்கு வெளிப்பக்கம் போய், அந்தத் தண்ணீரில் கையை நனைத்துவிட்டு வருவேன். எண்பதுகளில் வேலூரிலிருந்தும் மெட்ராசிலிருந்தும் கூட்டம் வந்தது, புதுப் படகுகள் வந்தன, ஏரியைச் சுற்றிக் கடைகள் வந்தன. அந்தத் தண்ணீர் மட்டும் அதே மணிக்கட்டுக் கனத்தில் வந்துகொண்டிருந்தது.

எந்தப் பதிவேட்டிலும் அதை நான் எழுதவில்லை. எழுதினால் மேலேயிருந்து யாராவது பழுது பார்க்கச் சொல்லிவிடுவார்களோ என்ற பயம். எனக்குப் பின்னால் வந்தவரிடம் வாயால் சொன்னேன். அவர் நல்லபடியாகப் பார்த்துக்கொண்டார். போன மாதம் மாற்றலாகிப் போனபோது உங்களிடம் சொல்ல மறந்திருக்கிறார். அவரைக் குறை சொல்லமாட்டேன். வாயால் சொன்னால் போதும் என்று நினைத்தது என் தவறு. இது ஒரே ஓட்டை விஷயத்தில் நான் செய்த இரண்டாவது தவறு.

அன்று போனில் படம் காட்டினீர்களே, அதில் உங்கள் மூன்று பேர் வேலையையும் பார்த்தேன், சுத்தமாக இருக்கிறது. சிமென்ட் போட்டால் நீங்களும் நன்றாகத்தான் அடைப்பீர்கள். அதுதான் என் பயமே.

ஓய்வு பெற்ற அன்று சாவி, துடுப்பு, மிதவைச் சட்டை எல்லாம் எண்ணி ஒப்படைத்துக் கையெழுத்து வாங்கினேன். அந்த ஓட்டையை மட்டும் எழுத்தில் ஒப்படைக்காமல் வந்துவிட்டேன். இப்போது ஒப்படைக்கிறேன். பெற்றுக்கொண்டதற்கு எனக்குக் கையெழுத்து வேண்டாம். இதைப் படித்த மறுநாள் காலை பனி இருக்கும்போதே புளியமரங்களைத் தாண்டி நடந்து போங்கள். இந்த வருஷம் நாற்று யார் வீட்டு முறை என்று கேட்டு, அந்த வீட்டுக்காரர் பெயரை எனக்குப் போனில் சொல்லுங்கள்.